நிக்சனும் வாட்டர்கேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உலக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். கையேட்டில் நிக்சனுக்கு ஒரே ஒரு வரிதான்: "வாட்டர்கேட் ஊழலால் 1974-ல் பதவி விலகிய அமெரிக்க அதிபர்." அந்த வரியைத் தாண்டியதும் கைகள் உயரும். வருடா வருடம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். பிள்ளைகள் கேட்டபடியே அவற்றைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

நிக்சன் யாரு சார்? கென்னடிகிட்ட தோத்தவர்தானே?

அவரேதான். ரிச்சர்ட் நிக்சன் 1913 ஜனவரி 9 அன்று கலிபோர்னியாவின் யோர்பா லிண்டாவில் பிறந்தார். அப்பா எலுமிச்சைத் தோட்டம் போட்டு நொடித்துப்போய், விட்டியர் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து மளிகைக் கடையும் பெட்ரோல் பங்க்கும் நடத்தினார். அண்ணன் ஒருவரையும் தம்பி ஒருவரையும் நோய்க்குப் பறிகொடுத்த வீடு. நிக்சன் படிப்பில் கெட்டி. உதவித்தொகையில் டியூக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார், உலகப் போரில் கடற்படையில் இருந்தார், 1946-ல் பிரதிநிதிகள் சபைக்கும் 1950-ல் செனட்டுக்கும் போனார். 1953 முதல் எட்டு ஆண்டுகள் ஐசன்ஹோவருக்குத் துணை அதிபர். 1960-ல் மயிரிழையில் கென்னடியிடம் தோற்றார். 1962-ல் சொந்த மாநில ஆளுநர் தேர்தலிலும் தோற்றபோது, இனிமேல் உதைத்து விளையாட உங்களுக்கு நிக்சன் கிடைக்க மாட்டான் என்று செய்தியாளர்களிடம் வெடித்துவிட்டுப் போனார். ஆறே வருடத்தில் அதிபராகத் திரும்பி வந்தார்.

அவர் மனசைப் புரிந்துகொள்ள 1952-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆதரவாளர்கள் அவருக்காகத் திரட்டிய 18,000 டாலர் நிதி சர்ச்சையாகி, துணை அதிபர் வேட்பாளர் வாய்ப்பே பறிபோகும் நிலை. அவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, வீட்டுக் கடன், கார், மனைவி பேட் போட்டிருக்கும் சாதாரணத் துணிக் கோட்டு வரை தன் வரவு செலவு எல்லாவற்றையும் ஒப்பித்தார். டெக்சாஸிலிருந்து ஒருவர் அனுப்பிய செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியை மட்டும் திருப்பித் தர மாட்டேன், என் பிள்ளைகள் அதன் மேல் உயிராக இருக்கிறார்கள் என்றார். மக்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் யாரும் படாத அவமானத்தைத் தன்னைப் படவைத்தார்கள் என்ற ஆறாத கோபம் அவருக்குள் தங்கிவிட்டது. பின்னால் வருவதற்கெல்லாம் அந்தக் கோபத்தை நான் முக்கியமான காரணமாகப் பார்க்கிறேன்.

வாட்டர்கேட்னா அணைக்கட்டா?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். அது வாஷிங்டனில் பொடோமாக் ஆற்றங்கரையில் உள்ள கட்டட வளாகம். ஓட்டல், குடியிருப்பு, அலுவலகங்கள் எல்லாம் அதில் உண்டு. அங்கே ஆறாவது மாடியில் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையகம் இருந்தது. நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர். தேர்தல் வருடம் அது.

1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம். ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது காவலாளி சுற்றி வரும்போது, கார் நிறுத்துமிடத்துக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கதவு சாத்தினாலும் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒட்டியது. துப்புரவுப் பணியாளர்கள் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பிய்த்துப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் பிளாஸ்திரி! உடனே போலீசுக்குப் போன் செய்தார். சாதாரண உடையில், போலீஸ் அடையாளம் இல்லாத காரில் வந்ததால் எதிர்க் கட்டடத்தில் காவல் நின்ற கூட்டாளிக்கு முதலில் சந்தேகமே வரவில்லை. உள்ளே ஐந்து பேர் பிடிபட்டார்கள். கையில் அறுவைச் சிகிச்சைக் கையுறை, கேமராக்கள், ஒட்டுக்கேட்கும் கருவிகள், அடுத்தடுத்த வரிசை எண் கொண்ட நூறு டாலர் நோட்டுகள். அந்த ஐவரில் ஒருவர், ஜேம்ஸ் மக்கார்ட், நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

ஊழல்னு போட்டிருக்கே சார், எவ்வளவு அடிச்சார்?

நம் ஊரில் ஊழல் என்றாலே டெண்டர், கமிஷன், பெட்டி என்றுதான் மனசு போகிறது. வாட்டர்கேட்டை அப்படிப் பார்த்தால் புரியாது. நிக்சன் அரசுப் பணத்தைச் சுருட்டினார் என்பது வழக்கே கிடையாது. தேர்தல் நிதி திருட்டு வேலைக்கும் வாயடைக்கவும் போனது, உளவுத்துறையும் போலீசும் அதிபரின் சொந்தப் பகைக்கு ஏவப்பட்டன, நீதி தடுக்கப்பட்டது: இவைதான் குற்றங்கள். 'அதிகார முறைகேடு' என்று எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

பண விஷயம் ஒன்று தனியாக உண்டு. 1970-ல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்தும் நிக்சன் கட்டிய மத்திய வருமான வரி 792 டாலர் 81 சென்ட். தன் பழைய காகிதங்களை அரசு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்ததாகக் காட்டிப் பெரிய கழிவு வாங்கியிருந்தார். அந்தத் தானப் பத்திரத்தில் தேதி முன்தேதியிட்டுப் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. கடைசியில் நான்கு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி வரி கட்டச் சொன்னார்கள். "நான் திருடன் இல்லை" என்று அவர் சொன்னது உலகம் முழுக்கப் பரவியதே, அது 1973 நவம்பரில் பத்திரிகை ஆசிரியர்கள் அவருடைய சொந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில்.

உள்ளே புகுந்து திருடச் சொன்னது நிக்சனேதானா?

அவர் உத்தரவிட்டார் என்பதற்கு ஆதாரம் இன்றுவரை இல்லை. முன்கூட்டியே தெரியும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. செய்தி கேட்டு அவரே எரிச்சலடைந்ததாகத்தான் தெரிகிறது.

ஆனால் பிடிபட்ட ஆறாம் நாள், ஜூன் 23 அன்று, அவர் என்ன செய்தார் என்பதற்கு அவருடைய குரலே சாட்சி. மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பணத்தின் தடம் பிடித்துக்கொண்டு நெருங்குகிறது என்று வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ஹால்டமன் வந்து சொல்கிறார். இது தேசப் பாதுகாப்பு விஷயம், தலையிட வேண்டாம் என்று வெளிநாட்டு உளவுத்துறையான சி.ஐ.ஏ.வை விட்டு எஃப்.பி.ஐ.யிடம் சொல்லச் சொல்லலாம் என்பது யோசனை. அதிபர் சம்மதிக்கிறார். 1973 மார்ச் 21 அன்று அவருடைய சட்ட ஆலோசகர் ஜான் டீன், அதிபர் பதவிக்குள் புற்றுநோய் வளர்கிறது என்று எச்சரித்து, பிடிபட்டவர்களின் வாயை அடைக்க இரண்டு வருடத்தில் பத்து லட்சம் டாலர் வேண்டியிருக்கும் என்கிறார். அதைப் புரட்ட முடியும், ரொக்கமாகவே புரட்ட முடியும் என்கிறார் நிக்சன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இதுதான். அவரைக் கவிழ்த்ததும் இதுதான்.

எப்படியும் ஜெயிக்கப்போறவருக்கு இது எதுக்கு சார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1972 நவம்பரில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். மாசச்சூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்தான் கைவிட்டன. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் முதல் பதிலில் சொன்ன மனசை நினைத்துப் பாருங்கள். தன்னைச் சுற்றி எதிரிகள் என்று நம்பினவர். வெள்ளை மாளிகையில் எதிரிகள் பட்டியலே இருந்தது. 1971-ல் வியட்நாம் போர் குறித்த ரகசிய ஆவணங்களை ராணுவ ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பர்க் பத்திரிகைக்குக் கொடுத்தபோது, கசிவை அடைக்க என்று ஒரு குழு போட்டார்கள். 'பிளம்பர்கள்' என்று பெயர். அந்தக் குழு எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தில் பூட்டை உடைத்துப் புகுந்தது. அந்தக் குழுவில் இருந்த ஹன்ட், லிடி இருவரும்தான் பிறகு வாட்டர்கேட் வேலையையும் நடத்தினார்கள். ஆக, 1972 ஜூன் இரவு திடீரென்று முளைத்தது கிடையாது. பழகிப்போன வேலையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டார்கள்.

தன் பேச்சைத் தானே ஏன் ரெக்கார்ட் பண்ணினார்? எரிச்சுப் போட்டிருக்கலாமே?

ஒலிப்பதிவு செய்த அதிபர் அவர் மட்டும் கிடையாது. கென்னடியும் ஜான்சனும் செய்தார்கள். ஆனால் அவர்கள் வேண்டும்போது பொத்தானை அழுத்திப் பதிந்தார்கள். 1971 பிப்ரவரியில் நிக்சன் வைத்த கருவி, ஓவல் அலுவலகத்தில் யார் வாய் திறந்தாலும் தானாக ஓடத் தொடங்கும். மேசைக்குள்ளேயே மைக். 1973 ஜூலை வரை சுமார் 3,700 மணி நேரம் சேர்ந்தது. வரலாறு எழுதவும், யாராவது பின்னால் பேச்சை மாற்றினால் காட்டவும் உதவும் என்பது எண்ணம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது.

1973 ஜூலை 16 அன்று செனட் விசாரணையில் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் என்ற உதவியாளர் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார்: ஆம், ஒலிப்பதிவுக் கருவி உண்டு. அதற்கு முன் அது ஒரு சிலருக்கே தெரியும். நிக்சன் அப்போது நிமோனியாவோடு மருத்துவமனையில் இருந்தார். எரித்துவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். அது சாட்சியத்தை அழிக்கும் குற்றம் என்று வேறு சிலர் தடுத்தார்கள். நாடாக்கள் தன் சொத்து, யாரும் கேட்டு வாங்க முடியாது என்றும் அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது.

பதினெட்டரை நிமிஷம் காணாமப்போச்சுன்னு சொல்றாங்களே?

கைது நடந்து மூன்றாம் நாள், ஜூன் 20 அன்று நிக்சனும் ஹால்டமனும் பேசிய நாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல். போன் எடுக்கத் திரும்பியபோது தவறுதலாகப் பெடலை மிதித்துவிட்டேன், ஐந்து நிமிடம் போல அழிந்திருக்கும் என்றார் செயலாளர் ரோஸ் மேரி உட்ஸ். எப்படி நடந்தது என்று காட்டச் சொன்னபோது, காலைப் பெடலில் வைத்தபடி எட்டிப் போனை எடுக்க அவர் உடம்பை வளைத்த புகைப்படம் நாளிதழ்களில் வந்தது. பார்த்த யாரும் நம்பவில்லை. குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று நிபுணர் குழு சொன்னது. யார் அழித்தார்கள் என்பது நிரூபணமாகவில்லை.

ரெண்டு நிருபர்கள்தான் அவரைக் கவுத்தாங்களா?

வாஷிங்டன் போஸ்ட்டின் உட்வர்டும் பெர்ன்ஸ்டைனும் செய்தியைச் சாகவிடாமல் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு ரகசியமாக உதவிய 'டீப் த்ரோட்', எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரி மார்க் ஃபெல்ட் என்று 2005-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் அவர்களால் மட்டும் ஆகியிருக்காது.

திருடர்களை விடாமல் குடைந்த நீதிபதி ஜான் சிரிகா, வாயைத் திறந்த மக்கார்ட், மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் விசாரணை நடத்திய சாம் எர்வினின் செனட் குழு, எல்லாருமே வேண்டியிருந்தது. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு நடந்ததை நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். நாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நின்ற சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு நிக்சன் உத்தரவிட்டார். அவர் மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஷாஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான ராபர்ட் போர்க்தான் கையெழுத்துப் போட்டார். முதல் இருவரும் நிக்சன் நியமித்தவர்கள், அவருடைய கட்சிக்காரர்கள். பதவியை உதறிவிட்டு வீட்டுக்குப் போனார்களே, அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இம்பீச் பண்ணித்தானே வெளியே அனுப்பினாங்க?

இல்லை. தேர்வில் பலர் தவறவிடும் இடம் இது. இம்பீச் என்றால் பிரதிநிதிகள் சபை அதிபர் மேல் முறையாகக் குற்றம்சாட்டுவது. விசாரித்துப் பதவியிலிருந்து நீக்குவது செனட்டின் வேலை. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று, நாடாக்களை ஒப்படைக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகளில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள். அதே மாத இறுதியில் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது: நீதியைத் தடுத்தது 27-11, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது 28-10, நாடாளுமன்றத்தின் உத்தரவை மதிக்காதது 21-17. முதலாவதற்கு அவர் கட்சியின் ஆறு உறுப்பினர்களும், இரண்டாவதற்கு ஏழு பேரும் கைதூக்கினார்கள். முழுச் சபை வாக்கெடுக்கும் முன்பே, ஆகஸ்ட் 5 அன்று, மேலே சொன்ன ஜூன் 23 நாடா வெளிவந்தது. செனட்டில் உங்களைக் காப்பாற்ற ஓட்டு இல்லை என்று ஆகஸ்ட் 7 அன்று அவருடைய கட்சித் தலைவர்களே நேரில் வந்து சொன்னார்கள். மறுநாள் இரவு தொலைக்காட்சியில் அறிவித்து, 9-ஆம் தேதி விலகினார். ராஜினாமாக் கடிதம் ஒரே வாக்கியம்.

உண்மையில் சபை குற்றம்சாட்டிய அதிபர்கள் ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், இரண்டு தடவை டிரம்ப். அவர்கள் யாரையும் செனட் தண்டிக்கவில்லை. பதவியை ராஜினாமா செய்த ஒரே அமெரிக்க அதிபர் நிக்சன்தான்.

ஜெயிலுக்குப் போனாரா?

போகவில்லை. அவருக்குப் பின் வந்த ஜெரால்ட் ஃபோர்டு, 1974 செப்டம்பர் 8 அன்று முழு மன்னிப்பு வழங்கினார். நாடு கொதித்தது, 1976-ல் ஃபோர்டு தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். நிக்சனின் ஆட்களோ சிறை சென்றார்கள். நாட்டின் சட்ட அதிகாரத்தின் உச்சியில் இருந்த முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல் 19 மாதம் உள்ளே இருந்தார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள் கம்பி எண்ணினார்கள், தலைவர் கலிபோர்னியா கடற்கரை வீட்டுக்குப் போனார். நாட்டை ஆற்றுப்படுத்தவே செய்தேன் என்ற ஃபோர்டின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1971 போரில் நம்மை மிரட்டக் கப்பல் அனுப்பினது இவர்தானே?

இவர்தான். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் வேட்டையைத் தொடங்கியது. அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், கண்ணால் கண்டதை வாஷிங்டனுக்கு எழுதினார். ஏப்ரல் 6 அன்று இருபது அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்டு, நம் அரசின் மௌனம் தார்மீகத் தோல்வி என்ற பொருளில் தந்தி அனுப்பினார்கள். பிளட் அங்கிருந்து மாற்றப்பட்டார். பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானை இப்போது நெருக்காதீர்கள் என்று நிக்சன் தன் கையால் குறிப்பு எழுதினார். காரணம், சீனாவுக்குப் போகும் ரகசிய வழி யாஹ்யா மூலம்தான் திறந்துகொண்டிருந்தது. அந்த ஜூலையில் நிக்சனின் தேசப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பீக்கிங்குக்குப் பறந்தார்.

ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். நவம்பரில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். மறுநாள் காலை நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் அவரைப் பற்றிப் பேசிய இழிசொற்கள் அதே ஒலிநாடாக்களில் இருக்கின்றன. 2005-ல் வெளியானபோது கிஸ்ஸிஞ்சர் வருத்தம் தெரிவித்தார். டிசம்பர் போரில், சட்டப்படி கூடாது என்று சொந்த அதிகாரிகள் சொன்ன பிறகும், ஈரான், ஜோர்டான் வழியாகப் பாகிஸ்தானுக்கு விமானம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. டிசம்பர் 16 அன்று டாக்கா வீழ்ந்துவிட்டது.

இதற்காக அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. கம்போடியா மீது ரகசியமாகக் குண்டு வீசியதைக் குற்றச்சாட்டாகச் சேர்க்க நீதிக் குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. 26-12 என்று தோற்றது. ஒரு கதவுப் பிளாஸ்திரிக்குக் கணக்குக் கேட்ட அமைப்பு, எரிந்த ஊர்களுக்குக் கணக்குக் கேட்கவில்லை. நிக்சனைப் பற்றிப் பேசும்போது எனக்கு அதிகம் வலிப்பது இந்த இடம்தான்.

அப்போ நல்லது ஒண்ணுமே செய்யலையா?

செய்தார், நிறையவே. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-ல் அவர் அமைத்தது. தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கட்டாய ராணுவச் சேர்ப்பு அவர் காலத்தில் முடிந்தது. 1972-ல் சீனா போனார். அதே ஆண்டு மாஸ்கோவில் அணு ஆயுத ஒப்பந்தம் போட்டார். டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை 1971 ஆகஸ்ட் 15-ல் அவிழ்த்ததும் அவர்தான். அது நல்லதா கெட்டதா என்பது பொருளாதார வகுப்பில் பேச வேண்டியது. ஆனால் சீன வாசலுக்கு வங்காளிகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மேலே சொன்னேன். வியட்நாமில் போரை முடிப்பேன் என்று வந்தவர், பாரிஸ் ஒப்பந்தம் போட நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். அதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், அதைவிடப் பல மடங்கு வியட்நாமியர்களும் செத்தார்கள்.

பதவி போனப்புறம் வாழ்க்கை எப்படி இருந்துச்சு?

நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமத்தை 1976-ல் பறித்தார்கள். 1977-ல் டேவிட் ஃபிராஸ்ட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பேட்டியில், "அதிபர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது" என்றார். நாட்டைக் கைவிட்டுவிட்டேன் என்றும் அதிலேயே சொன்னார். பிறகு புத்தகம், வெளிநாட்டுப் பயணம், அடுத்தடுத்த அதிபர்களுக்கு ஆலோசனை என்று மெல்ல மரியாதையை மீட்டார். 1994 ஏப்ரல் 22-ல் இறந்தார். அடக்கத்துக்கு ஐந்து அதிபர்கள் வந்தார்கள். பிறந்த ஊரான யோர்பா லிண்டாவிலேயே பேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறார்.

இன்னைக்கு நடந்திருந்தா ராஜினாமா பண்ணியிருப்பாரா சார்?

எனக்குச் சந்தேகம்தான். 2024 ஜூலை 1 அன்று டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதிபர் பதவியின் முக்கிய அதிகாரங்களைக் கொண்டு செய்யும் செயல்களுக்குக் குற்ற வழக்கே கிடையாது, மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று 6-3 எனச் சொல்லிவிட்டது. எஃப்.பி.ஐ.யைத் தடுக்க சி.ஐ.ஏ.விடம் சொல்வது அலுவல் செயல் என்று இன்று வாதாட வழி இருக்கிறது. ஃபிராஸ்ட்டிடம் சொன்ன அந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். இன்னொன்று, அன்று சொந்தக் கட்சிக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் இல்லாவிட்டால் நாடா மட்டும் என்ன செய்திருக்கும்?

அந்த வாட்ச்மேன் என்ன ஆனார்?

வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். ஃபிராங்க் வில்ஸ் வாரம் 80 டாலர் சம்பளத்தில் அந்த வேலையில் இருந்தார். சில காலம் பேட்டி எடுத்தார்கள், பாராட்டினார்கள். அப்புறம் நிலையான வேலை கிடைக்கவில்லை. நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ளத் தெற்கே போனார். 1983-ல் ஒரு ஜோடி காலணி திருடியதாக அவருக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 2000-ல், 52 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். அன்றிரவு அவர் எழுதிய காவல் பதிவேட்டுத் தாள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கதவில் பிளாஸ்திரி இருந்தது, போலீசை அழைத்தேன் என்று அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. நேரம் 1:47.